அம்மா சொல்லாத குடல் வறுவல்

போன மாதம் கொரட்டூர் ஏரிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோனேன். வீடு நாலாவது மாடியில். லிஃப்ட் அன்றைக்கு லீவு. நமக்கு அதுதான் தொழில். பத்தாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதா, நான் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டேனா என்பதில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. அதுவரைக்கும் பைக்கில் பொட்டலம் ஏற்றிக்கொண்டு சுற்றுகிறேன்.

கதவைத் திறந்தவர் ஜிம்முக்குப் போகிறவர். அவர் கை என் தொடை அளவு இருந்தது. பொட்டலத்தில் இருந்தது பன்றிக்குடல் வறுவல்.

"ப்ரோ, இதுல புரோட்டீன் எவ்ளோ இருக்கும்?" என்று கேட்டார். கொண்டுவந்து கொடுப்பவனுக்குச் சத்துக்கணக்கும் தெரிந்திருக்கும் என்று நம்புகிற நல்ல மனசு.

"நெறைய கீது சார். நார்ச்சத்துதான் சுத்தமா கெடையாது. கூட கொஞ்சம் கீரை சேத்துக்கோங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த ஹெல்மெட்டுக்குள் ஒரு டாக்டர் இருப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நான் சொன்னது என் சொந்தச் சரக்கு இல்லை. என் அப்பாவுக்கு ஒரு டாக்டரம்மா சொன்னது. படியிறங்கும்போது கையில் ஒட்டியிருந்த அந்த மிளகு வாசனை, ஹெல்மெட்டைப் போட்ட பிறகும் போகவில்லை.

டாக்டரம்மா அதைச் சொன்னபோது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆவடியைத் தாண்டி, கோவில்பதாகையில் எங்கள் வீடு. முன்பக்கம் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா. பின்பக்கம் நாங்கள். எங்களோடு சித்தப்பா. அப்பா ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். இன்ஜின் சூடு சீட்டு வழியாக ஏறும். காலையிலிருந்து ராத்திரி வரை அந்தச் சூட்டின் மேல் உட்கார்ந்தே குடும்பத்தைக் காப்பாற்றியவருக்கு, அந்த உட்காரும் இடத்திலேயே வியாதி வந்தது. மூலம். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "ஒடம்பு சூடு" என்பார்கள். அப்பா ஸ்கூட்டர் டியூப் ஒன்றில் பாதிக் காற்றடித்து அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுவார். நான் அதை எடுத்துக்கொண்டு ஏரிக்கு நீந்தப் போனதில், ஒருநாள் அவர் டியூப் இல்லாமலே பூந்தமல்லி வரைக்கும் போய் வந்தார். அன்று சாயங்காலம் அவருக்கு உட்கார முடியாதது போல எனக்கும் உட்கார முடியவில்லை. காரணம் மட்டும் வேறு.

வலியைவிட மோசம், அவர் சாப்பிடுவதை விட்டதுதான். சாப்பிட்டால் மறுநாள் காலையில் கழிவறைக்குப் போகவேண்டும், போனால் ரத்தம். அந்தப் பயத்தில் தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அம்மா கஞ்சி வைத்துப் பார்த்தாள், மோர் கலக்கிப் பார்த்தாள், கீரையைக் கடைந்து கெஞ்சிப் பார்த்தாள். ரெண்டு வாய், அவ்வளவுதான். காக்கி பேண்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப்போனது. அப்பா ஒரு வேளையாவது வயிறு நிறையச் சாப்பிடவேண்டும். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வேறு ஆசையே கிடையாது.

ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள் எல்லாரும் பட்டம் வாங்காத வைத்தியர்கள். அவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: பன்னிக்கறி. அதிலும் குடல். அதை வறுத்துத் தின்றால் சூடு இறங்கிவிடும். எங்கள் பக்கத்தில் இது ஒரு வினோதமான வழக்கம். பன்றி எதிரில் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறவர்கள்கூட, "மருந்துக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கிண்ணத்தை நீட்டுவார்கள்.

அப்பா பயந்துபோய் டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டார். நான் கூட இருந்தேன். அந்த அம்மா சிரிக்காமல் பதில் சொன்னார்கள்.

"அது மருந்து கிடையாதுங்க. புரதம் இருக்கு, கொஞ்சம் இரும்புச்சத்து இருக்கு, கொழுப்பும் இருக்கு. ஒடம்பு தேற ஒருநாள் சாப்டுங்க, தப்பில்ல. ஆனா நார்ச்சத்து துளி கிடையாது. கீரை, பழம், தண்ணி, நான் குடுக்கற மாத்திரை, இதான் வைத்தியம். காரம் வேணாம்."

அப்பா காதில் விழுந்தது இரண்டே சொற்கள்: இரும்புச்சத்து, சாப்டுங்க. ஆட்டோவில் திரும்பி வரும்போது, "டாக்டரே எழுதிக் குடுத்த மாதிரி" என்றார்.

ஆனால் வீட்டில் அத்தை இருந்தாள்.

அத்தைக்கு ஆட்டுக்கறி சரி, கோழி சரி, கருவாடு நாறினாலும் சரி. பன்றி மட்டும் வாசற்படி தாண்டக்கூடாது. அது வெறும் நாக்கு விஷயம் இல்லை. அத்தைக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்த ஓர் ஒப்பந்தம். அம்மா பூந்தமல்லிப் பக்கம். அம்பத்தூரில் ஒரு துணி கம்பெனியில் வேலை. தினமும் பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ ஏறி, ஆவடியில் இறங்கி ரயில் பிடிப்பாள். அந்த ஆட்டோவை ஓட்டியவர் என் அப்பா. ஒருநாள் அவள் ஆவடியில் இறங்காமல் எங்கள் வீடு வரைக்கும் வந்துவிட்டாள். இதெல்லாம் எனக்கு மீசை முளைத்த பிறகு தெரிந்த கதை. அவள் வீட்டார் சாப்பாட்டையும், அவர்கள் இருந்த தெருவையும் பற்றி அத்தைக்கு ஒரு கணக்கு இருந்தது. தம்பிக்காக அவளைச் சேர்த்துக்கொண்டாள். கூடவே ஒரு நிபந்தனை வைத்தாள்: "உங்கூட்டுப் பழக்கம் இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடாது."

நான் இந்த வாக்கியத்தை மட்டும் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அத்தைக்குக் கோபம் வந்தால் இதுதான் வரும். வந்தவுடன் அம்மா வாயை மூடிக்கொள்வாள். அந்தப் பழக்கம் என்னவாக இருக்கும் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அம்மா டீயைத் தட்டில் ஊற்றி உறிஞ்சுவாள், அதுவா? பாத்திரம் தேய்க்கும்போது விசில் அடிப்பாள், அதுவா? விசில்தான் என்று முடிவுகட்டி, அத்தை எதிரில் அம்மா விசில் அடிக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை திருவேற்காடு கோயிலுக்குக் கிளம்பினாள். சாயங்காலம்தான் திரும்புவேன் என்றாள். அவள் பஸ் ஏறியதைத் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார் சித்தப்பா. கொஞ்ச நேரத்தில் சைக்கிள் ஹேண்டிலில் ஒரு கறுப்புப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்வழியாக வந்தார்.

"அண்ணி, மருந்து வந்துட்ச்சி" என்றார்.

அம்மா பையைப் பார்த்தாள். பார்த்தவுடன் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நான் தொட மாட்டேன். ஊட்டுக்குள்ளயும் வுட மாட்டேன். அக்காவுக்கு வாக்கு குடுத்துக்கீறேன்" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"பின்பக்கம் வாசப்படிக்கு வெளியதானே கீது?" என்றார் சித்தப்பா. சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்த வக்கீல் மாதிரி மூன்று செங்கல்லைப் பப்பாளி மரத்தடியில் வைத்து அடுப்பு கூட்டினார். வேலைக்கு ஆகாத பழைய அலுமினியச் சட்டி ஒன்று வந்தது. அப்பா சுவரோரம் டியூபின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா திருமழிசையில் ஒரு பட்டறையில் இரும்புச் சாமான்களைக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற வேலை செய்தார். உலகத்தில் எந்த அழுக்குக்கும் ஒரே வழிதான் அவருக்குத் தெரியும். குடலைத் தொட்டியில் போட்டார், தண்ணீர் ஊற்றினார், துணி துவைக்கிற சோப்புத் தூளைக் கைநிறைய அள்ளித் தூவினார். நுரை பொங்கிக்கொண்டு வந்தது. நான் சந்தோஷமாகக் குமிழி ஊதத் தொடங்கினேன்.

அடுப்படி ஜன்னல் படாரென்று திறந்தது.

"அடப் பாவி! சோப்பு போட்டுத் தொவைக்க அது இன்னா சட்டையா?"

"அப்புறம் எப்டி அண்ணி?"

அம்மா வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். ஜன்னலும் மூடியது. நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகளும் நுரையைப் பார்த்தோம். அப்பா, "வுட்றா, எனக்கு வோணாம், பசிக்கல" என்று எழுந்திருக்கப் போனார். பொய். அவர் வயிறு இரைகிற சத்தம் எனக்கே கேட்டது.

ஜன்னல் மறுபடி ஒரு விரல் அளவு திறந்தது. "டேய், இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டாள் அம்மா. காதோடு சொன்னாள்: "அந்தத் தண்ணியக் கீழ ஊத்தச் சொல்லு. நல்ல தண்ணி மாத்தி மாத்தி அலசணும். அப்புறம் கல்லுப்பும் புளியும் போட்டுக் கொழகொழப்பு போறவரைக்கும் தேய்க்கணும். போய்ச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத."

நான் கீழ்ப்படிதலுள்ள பிள்ளை. ஓடிப்போய் உரக்கச் சொன்னேன்: "சித்தப்பா, அம்மா சொல்லல! கல்லுப்பும் புளியும் போட்டுத் தேய்க்கணுமாம்!"

அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. இருமுகிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஓடியபடியே இருந்தேன். அம்மா சொல்லல, குடல உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி குச்சியால திருப்பணுமாம். அம்மா சொல்லல, கத்தி முதுகால வழிக்கணுமாம், கூர்ப்பக்கம் வோணாமாம். அம்மா சொல்லல, அரிசி கழுவுன தண்ணில கொஞ்ச நேரம் ஊற வெச்சா வாடை போயிடுமாம். அரிசி கழுவிய தண்ணீரை அம்மாவே ஜன்னல் கம்பி வழியாக ஊற்றினாள். ஆனால் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு ஊற்றினாள். சித்தப்பா கீழே தொட்டியைப் பிடித்துக்கொண்டார்.

மஞ்சளும் இஞ்சியும் போட்டு ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டினார்கள். மறுபடி வேகவைத்தார்கள். சித்தப்பா அவசரப்பட்டு வெட்டக் கத்தியை எடுத்தபோது ஜன்னலிலிருந்து "ம்ஹூம்" என்று சத்தம் வந்தது. வெந்த பிறகுதான் வெட்டணுமாம், இல்லாவிட்டால் சுருங்கி ரப்பராகிவிடுமாம். அம்மா சொல்லல.

வெட்டியதை வெறும் சட்டியில் போட்டார்கள். சித்தப்பா எண்ணெய் பாட்டிலைச் சாய்த்தார்.

"ஊத்தாதடா!" இந்தத் தடவை அம்மா என்னை அனுப்ப மறந்துவிட்டாள். "அதுவே வுடும். தணலக் கொறை."

அதுவே விட்டது. கொழுப்பு மெல்ல உருகிச் சட்டியில் பளபளத்தது. அதில் தட்டிய சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை. அப்பாவுக்கு ஆகாது என்பதால் மிளகாய் கிடையாது. நாலு மிளகை மட்டும் தட்டிப் போட்டார்கள். பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். முதலில் சட்டி களக் களக் என்று கொதித்தது. அம்மா இப்போது வெளியே பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பருப்பு பொறுக்கினாள். ஆனால் அவள் கை ஓடவில்லை. காது மட்டும் சட்டியிலேயே இருந்தது. களக் களக் நின்று சடசடவென்று சத்தம் மாறியதும், திரும்பாமலே, "இப்ப உப்பு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "கிண்டாத. அடி புடிக்கட்டும்." இன்னும் கொஞ்சம் பொறுத்து, "எறக்கு."

நான் அந்தச் சமையலில் ஒரு பெரிய ஆச்சரியத்தைக் கவனித்தேன். அம்மா எதையும் பார்க்கவில்லை, தொடவில்லை, ருசி பார்க்கவில்லை. எப்படித் தெரிந்தது?

"எம்மா, உனுக்கு எப்டித் தெரியும்?" என்று ஜன்னலில் தொங்கிக்கொண்டு கேட்டேன்.

"ஆட்டுக்கொடல் மாதிரிதான். போ, அப்பாவுக்கு எல போடு."

அப்பா சாப்பிட்டார். முதல் வாயைப் பயந்து பயந்து வைத்தார். ஓரம் மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருந்ததை, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். ரெண்டாம் வாய்க்குப் பயமில்லை. மூன்றாவது வாயில் சோற்றை மலை மாதிரி குவித்து, "இன்னும் போட்றா" என்றார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீரையை இலை ஓரத்தில் வைக்கச் சொன்னாள், அதையும் தின்றார். எனக்கும் ரெண்டு துண்டு கிடைத்தது. மூன்றாவதுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தபோதுதான் வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

அத்தை. கோயிலில் கூட்டமாம், வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாளாம். நெற்றி நிறையக் குங்குமத்தோடு பப்பாளி மரத்தடியில் வந்து நின்றாள். அடுப்பைப் பார்த்தாள். கறுப்புப் பையைப் பார்த்தாள். மூக்கு ஒருமுறை விரிந்தது. அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சித்தப்பா எழுந்து நின்றார். "வாசப்படிக்கு வெளியதான்க்கா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

அத்தையின் கண் அப்பாவின் இலையில் போய் நின்றது. சோறு பாதி மலை. அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாத்துக்குக் கைய நிறுத்தற?" என்றாள் அத்தை. "துன்னு. எத்தினி நாளாச்சு நீ துன்னு."

அப்பா குனிந்து சாப்பிட்டார். அத்தை அவர் தின்று முடிக்கும்வரை நின்று பார்த்தாள். பிறகு சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கருகாமல் சிவந்து, பதமாக ஒட்டிக் கிடந்தது வறுவல். இது சித்தப்பாவின் கை இல்லை என்று கண் தெரியாதவர்கூடச் சொல்லிவிடுவார். சித்தப்பாவுக்குச் சுடுதண்ணியே தீய்ந்துபோகும்.

"பக்குவம் ஆரு சொன்னது?" என்றாள் அத்தை.

ஜன்னலில் அம்மாவின் முகம் அப்பாவின் முகத்தைவிட வெளுத்துப்போனது. கம்பியைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது. பெரியவர்கள் பதில் தெரியாமல் முழிக்கும்போது உதவுவது என் கடமை. காலையிலிருந்து பழகிய பாடம் வேறு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

"அம்மா சொல்லல அத்தை!"

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். அப்பா ஒரு பெரிய துண்டை எடுத்து என் வாயில் திணித்தார். மூன்றாவது துண்டு.

"ஆட்டோல வந்த பாசஞ்சர் ஒருத்தர் சொன்னாங்கக்கா" என்றார் அப்பா. "பூந்தமல்லில ஏறுனவங்க."

அத்தை திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்து பருப்பில் இல்லாத கல்லைத் தேடினாள். நான் வாய் நிறைய மென்றபடி, "உங்கூட்டுப் பழக்கம்" எப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அந்த பாசஞ்சர் நல்லாருக்கட்டும்" என்றாள் அத்தை. "சட்டிய மட்டும் உள்ள கொண்டாராதீங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் போய்விட்டாள்.

சட்டியில் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. அடியில் பிடித்த நல்ல மொறுமொறுப்பு எல்லாம் அதில்தான். சித்தப்பா சோற்றைப் போட்டுப் பிசையக் கை வைத்தார். அப்பா அவர் கையைப் பிடித்தார்.

"வுட்றா. அப்டியே இருக்கட்டும். உங்கண்ணி கழுவிக்கும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கழுவிக் கொட்டுவதற்கா இத்தனை ஓட்டம் ஓடினேன்? வியாதிக்காரருக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று மனதுக்குள் திட்டினேன்.

எல்லாரும் படுத்த பிறகு, மத்தியான வெயிலில், அம்மா சட்டியைக் கழுவப் போனாள். மீதியைத் திருடலாமென்று நான் பப்பாளி மரத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன். அவள் தண்ணீர் ஊற்றவில்லை. மடியிலிருந்து ஒரு கைப்பிடிச் சோற்றை எடுத்துச் சட்டியில் போட்டுப் பிரட்டினாள். வாசற்படிக்கு முதுகைக் காட்டி, குந்தி உட்கார்ந்து, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, அவசரமே இல்லாமல் தின்றாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. கடைசி உருண்டை போனதும் மெதுவாக விசில் அடித்தாள்.

நான் பதறிப்போய் வெளியே வந்தேன். "எம்மா, அத்தைக்குக் கேட்டுறப்போவுது!"

"இன்னா கேக்கும்?"

"விசிலு!"

அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

"ஏம்மா அழுவுற?"

"மொளகு காரம்டா. உப்பு சரியா கீதான்னு பாத்தேன்."

எல்லாரும் தின்று முடித்த பிறகு எதற்காக உப்புப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சட்டியில் ஒன்றும் மிச்சமில்லையே என்றுதான் வருத்தமாக இருந்தது.

அப்பாவுக்குப் பிறகு தேறியது. மாத்திரைதான் என்றார் டாக்டரம்மா. குடல்தான் என்றது ஆட்டோ ஸ்டாண்ட். கீரை என்றாள் அம்மா. அம்மன் என்றாள் அத்தை. டியூபை என்னிடமே கொடுத்துவிட்டார் அப்பா.

ஒரு லீவு நாளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் போய் வந்தேன். போகும்போதும் வரும்போதும் ஏறியவர் முகத்தையெல்லாம் உற்று உற்றுப் பார்த்தேன். குடலைப் பார்க்காமலே பக்குவம் சொல்லத் தெரிந்த முகம் எப்படி இருக்கும் என்று. ஒரு பெரியவர், "இன்னாடா மொறைக்கற?" என்று அதட்டினார். ஆவடியில் கடைசி ஆளும் இறங்கிய பிறகு பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"நைனா, கொடல் சொன்ன பாசஞ்சர் இன்னிக்கும் வரலியே? அவங்க எங்க எறங்குவாங்க?"

அப்பா கண்ணாடியைச் சரிசெய்தார். வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

"அவங்க இன்னும் எறங்கலடா" என்றார்.

நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் யாரோ மறந்துவிட்டுப்போன ஒரு குடையைத் தவிர எதுவும் இல்லை. அப்பாவுக்கு உடம்பு இன்னும் சரியாகவில்லை, இன்னொரு முறை குடல் வாங்கவேண்டியிருக்கும் என்று சந்தோஷமாக நினைத்துக்கொண்டேன்.